மாநிலந்தோறும் ஒரு வாசல்: மேக்கன் பாலிங் ஆலனின் சட்ட வாழ்க்கை

வழக்கறிஞர் தொழிலுக்குள் நுழைய உரிமம் வேண்டும். அதை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாருக்கு அது மறுக்கப்படுகிறது என்பதைக் கவனித்தால், ஒரு சமூகம் யாரைத் தன் சம உறுப்பினராக ஏற்கிறது என்பது தெளிவாகிவிடும். அமெரிக்காவில் அந்த அதிகாரம் இன்றும் ஒவ்வொரு மாநிலத்தின் கையில் தனித்தனியே இருக்கிறது. ஒரு மாநிலத்தில் வழக்காடும் உரிமை பெற்றவர் எல்லையைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குச் சென்றால், அங்கே மீண்டும் அனுமதி கோர வேண்டும். ஒரே தேர்வின் மதிப்பெண்ணைப் பல மாநிலங்கள் ஒப்புக்கொள்வது போன்ற ஏற்பாடுகள் பின்னாளில் வந்தன. அவை எதுவும் இல்லாத காலத்தில், கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்டில், ஒரு கறுப்பினத்தவர் மெய்ன், மாசாசூசெட்ஸ், தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். அவர் மேக்கன் பாலிங் ஆலன். அமெரிக்காவில் வழக்காடும் உரிமம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்று வரலாறு அவரைப் பதிவு செய்திருக்கிறது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் கறுப்பின வழக்கறிஞர்களின் சங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி இயங்குகிறது.

‘முதல்வர்’ என்ற பட்டத்தோடு அவரை நினைவுகூர்ந்து நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் உரிமம் கையில் இருந்தும் அவர் ஏன் மாநிலம் மாநிலமாக இடம்பெயர வேண்டியிருந்தது என்ற கேள்வியே நமக்கு முக்கியமானது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் ஒரு தொழிலின் வாசலைத் தாண்டுவது ஒரு போராட்டம். உள்ளே நுழைந்தபின் அங்கே நிலைத்து நின்று பிழைப்பது அதனினும் நீண்ட, வேறொரு போராட்டம். ஆலனின் வாழ்க்கை இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகிறது.

ஆலன் 1816 ஆகஸ்டில் இந்தியானாவில் சுதந்திர மனிதராகப் பிறந்தார். இந்தியானா மாநிலத் தகுதி பெற்றது அவ்வாண்டு டிசம்பரில்தான். பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் ஆலன் மேக்கன் பாலிங். 1844இல் அதனை மேக்கன் பாலிங் ஆலன் என மாற்றிக்கொண்டார். எழுதவும் படிக்கவும் தாமே கற்றுத் தேர்ந்து, பள்ளி ஆசிரியராகப் பணி செய்தார். அடிமையாகப் பிறக்கவில்லை என்பதால் அவர் முழு உரிமையோடு வாழ்ந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அன்றைய சுதந்திரக் கறுப்பினத்தவர் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதமான சட்டத்துக்கு ஆட்பட்டிருந்தனர். ஓரிடத்தில் வாக்களிக்கலாம், மற்றோரிடத்தில் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் முடியாது. ஆலன் பிறந்த இந்தியானாவே 1851ஆம் ஆண்டின் அரசமைப்பில், கறுப்பினத்தவர் எவரும் இனி அம்மாநிலத்தில் குடியேறக் கூடாது என்று எழுதி வைத்தது. எனவே மாநில எல்லை என்பது அவர்களைப் பொறுத்தவரை வரைபடத்தில் இழுத்த கோடு மட்டுமன்று. எல்லையின் இப்புறம் இருந்த உரிமை அப்புறம் இருக்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை.

1840களின் தொடக்கத்தில் ஆலன் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகருக்கு வந்தார். அங்கே சாமுவேல் பெசண்டன் என்ற வெள்ளையின வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார். பெசண்டன் அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணியாளர். சட்டக் கல்லூரிகள் அரிதாக இருந்த அக்காலத்தில், மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் நூல்களைப் படித்து, ஆவணங்களை எழுதிப் பழகித் தொழில் கற்பதே வழக்கம். ஆகவே தகுதிக்கும் முன்னதாக, தன் அலுவலகத்தில் அமர இடம் தரும் ஒரு மனிதர் கிடைக்க வேண்டும். பெரும்பாலான கறுப்பினத்தவருக்கு முதல் வாசல் அங்கேயே மூடிக்கிடந்தது. ஆலனுக்கு அதைப் பெசண்டன் திறந்தார்.

1844இல் பெசண்டன் தம் மாணவரை நீதிமன்றத்தில் அறிமுகப்படுத்தி, வழக்கறிஞராக ஏற்குமாறு கோரினார். நன்னடத்தை உடைய குடிமகன் எவரும் வழக்கறிஞராகலாம் என்ற தாராளமான விதி அப்போது மெய்னில் இருந்தது. ஆலனின் நடத்தையில் எவரும் குறை காணவில்லை. அவர் குடிமகன் அல்லர் என்று கூறி அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டது. விதியின் சொற்களில் நிறம் என்ற சொல் இல்லை. ஆனால் குடிமகன் என்ற சொல் அந்தப் பணியைச் செய்து முடித்தது. சட்டத்தின் முகப்பில் சமத்துவத்தை எழுதி வைத்து, அதன் வரையறைக்குள் விலக்கைப் பதுக்கி வைக்கும் இந்த முறை நமக்கும் பழக்கமானதே.

ஆலன் பின்வாங்கவில்லை. தேர்வு எழுதித் தகுதியை மெய்ப்பிக்கும் மற்றொரு வழி இருந்தது. பிறருக்குச் சலுகையாகக் கிடைத்ததை அவர் தேர்வெழுதிப் பெற வேண்டியதாயிற்று. தேர்வில் தேறி, 1844 ஜூலை 3 அன்று வழக்காடும் உரிமத்தைப் பெற்றார். அமெரிக்கா தன் விடுதலை நாளைக் கொண்டாடுவதற்கு முந்தைய நாள் அது.

ஆனால் உரிமம் சோறு போடவில்லை. 1840ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி மெய்னின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம். அதில் கறுப்பினத்தவர் 1,500 பேர்கூட இல்லை. வெள்ளையரோ தங்கள் வழக்கைக் கறுப்பின வழக்கறிஞரிடம் ஒப்படைக்க முன்வரவில்லை. சட்டம் தொழிலுக்குள் விட்டது. சந்தை வெளியே நிறுத்தியது. ஓராண்டு முடிவதற்குள் ஆலன் அம்மாநிலத்தை விட்டுப் புறப்பட்டார்.

அடுத்த ஊர் மாசாசூசெட்ஸின் பாஸ்டன். கறுப்பின மக்கள் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் வாழ்ந்த நகரம் அது. அடிமைமுறை ஒழிப்பு இயக்கத்தின் தலைமையிடங்களுள் ஒன்று. ஆனால் மெய்னில் பெற்ற உரிமம் அவருக்கு அங்கே நேரடியாக எதையும் தந்துவிடவில்லை. மீண்டும் ஒரு தேர்வு. வண்டிக்குக் கொடுக்கப் பணமின்றித் தேர்வு நடக்கும் இடத்துக்கு ஐம்பது மைல் தொலைவை அவர் நடந்தே கடந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர். 1845 மே மாதத்தில் மாசாசூசெட்ஸிலும் வழக்கறிஞராக ஏற்கப்பட்டார். ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு மாநிலங்களின் உரிமம் அவர் கைக்கு வந்தது.

அதே காலத்தில் வேறொரு மாநிலம் என்ன செய்தது என்பதை ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். ஜார்ஜ் வாஷன் என்ற கறுப்பின இளைஞர் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் சட்டம் பயின்று 1847இல் அனுமதி கோரினார். அம்மாநிலத்தின் 1838ஆம் ஆண்டு அரசமைப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக்கியிருந்தது. வாஷனின் நிறத்தைக் காரணமாக்கி அவருக்குத் தேர்வெழுதும் வாய்ப்பே மறுக்கப்பட்டது. சில மாதங்களில், 1848 ஜனவரியில், நியூயார்க் மாநிலம் அவரைத் தேர்வு செய்து வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டது. அதே மனிதர், அதே கல்வி. எல்லையின் ஒருபுறம் தகுதியற்றவர், மறுபுறம் வழக்கறிஞர். பின்னர் மீண்டும் கோரியபோதும் பென்சில்வேனியா மறுத்தது. அம்மாநிலம் தன் தவற்றைத் திருத்திக்கொண்டு, இறந்துபோன வாஷனுக்கு வழக்கறிஞர் தகுதியை வழங்கியது 2010இல்.

பாஸ்டனில் ஆலன், ராபர்ட் மோரிஸ் என்ற மற்றொரு கறுப்பின வழக்கறிஞருடன் இணைந்து பணியாற்றியதாகக் கூறப்படுகிறது. மோரிஸ் 1847இல் உரிமம் பெற்றவர். பாஸ்டனின் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கி வைத்ததை எதிர்த்து, சார்ல்ஸ் சம்னருடன் சேர்ந்து அவர் நடத்திய வழக்கு 1850இல் தோல்வியடைந்தது. ஆயினும் மக்கள் போராட்டத்தின் விளைவாக 1855இல் மாசாசூசெட்ஸ் சட்டமன்றமே அந்த ஒதுக்கலை நீக்கியது. நீதிமன்றத்தில் தோற்ற வழக்குகள் தெருவிலும் சட்டமன்றத்திலும் வெல்லக்கூடும் என்பதற்கு இது ஒரு முன்னோடிச் சான்று.

பாஸ்டனிலும் ஆலனுக்குப் பிழைப்பு எளிதாக அமையவில்லை. வெள்ளையின நீதிபதியும் வெள்ளையின நடுவர் குழுவும் அமர்ந்திருக்கும் மன்றத்தில், கறுப்பினக் கட்சிக்காரர்கள்கூட வெள்ளையின வழக்கறிஞரை நாடுவது பாதுகாப்பு என்று எண்ணினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வழக்கில் தோற்றால் வீட்டையோ விடுதலையையோ இழக்க வேண்டியவர்கள் அவர்கள். பாகுபாடு நிறைந்த மன்றம், ஒடுக்கப்பட்ட வழக்கறிஞரை அவருடைய சொந்த மக்களிடமிருந்தும் பிரித்து வைத்தது. வருவாய்க்கு மற்றொரு வழி தேடிய ஆலன், 1840களின் இறுதியில் கடினமான தகுதித் தேர்வில் தேறி, மிடில்செக்ஸ் மாவட்டத்தில் அமைதி நீதிபதியானார். சிறு வழக்குகளை விசாரிக்கவும் ஆவணங்களை உறுதிப்படுத்தவும் அதிகாரம் உள்ள பதவி அது. அமெரிக்காவில் நீதித்துறைப் பொறுப்பு ஒன்றை ஏற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே என்று கருதப்படுகிறது.

இதற்கிடையே நாட்டின் நிலை மோசமடைந்தது. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம், வடக்கு மாநிலங்களில் வாழ்ந்தோரையும் பிடித்துத் தெற்குக்கு அனுப்ப வழிவகுத்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இரு மாநிலங்களில் வழக்கறிஞராகவும் ஒரு மாவட்டத்தில் நீதிபதியாகவும் பொறுப்பேற்றிருந்த ஆலனை, அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே குடிமகன் அல்லர் என்றது. 1844இல் போர்ட்லாந்தின் சிறிய மன்றம் எழுப்பிய அதே மறுப்பு, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தேசத்தின் சட்டமாயிற்று.

உள்நாட்டுப் போர் அதை மாற்றியது. அடிமைமுறையை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றத்தின் கீழவை 1865 ஜனவரி 31 அன்று நிறைவேற்றியது. மறுநாள் ஜான் ராக் என்ற மாசாசூசெட்ஸின் கறுப்பின வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை பெற்றார். 1868இல் நடைமுறைக்கு வந்த பதினான்காம் திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தோர் அனைவரும் அந்நாட்டின் குடிமக்கள் என்றும், தாம் வாழும் மாநிலத்தின் குடிமக்கள் என்றும் உறுதி செய்தது. அத்திருத்தத்தை வடித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவில் மேலவைத் தலைவராக இருந்தவர் வில்லியம் பிட் பெசண்டன். ஆலனுக்குச் சட்டம் கற்பித்த சாமுவேல் பெசண்டனின் மகன். தந்தை தம் மாணவருக்காக ஒரு மன்றத்தில் கோரித் தோற்றதை, மகன் தலைமையேற்ற குழு நாட்டின் அரசமைப்பில் எழுதியது.

போருக்குப் பின் ஆலன் மூன்றாவது முறையாக எல்லை தாண்டினார். இம்முறை அவர் சென்றது அடிமைமுறையின் இதயமாக இருந்த தென் கரோலினாவுக்கு. அங்குள்ள சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் சுதந்திரக் கறுப்பின மாலுமிகளை, கப்பல் புறப்படும்வரை சிறையில் அடைக்கும் சட்டம் 1822 முதல் நடப்பிலிருந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க மாசாசூசெட்ஸ் அரசு சாமுவேல் ஹோர் என்ற வெள்ளையின வழக்கறிஞரை அனுப்பியபோது, நகரத்தார் அவரை மிரட்டித் துரத்தினர். அது நடந்தது 1844இல், ஆலன் முதல் உரிமத்தைப் பெற்ற அதே ஆண்டில். மாசாசூசெட்ஸின் வெள்ளையின வழக்கறிஞரே தங்க முடியாத அந்த நகரத்தில், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் மாசாசூசெட்ஸின் கறுப்பின வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார்.

அதைச் சாத்தியமாக்கியது தனிமனிதத் திறமை மட்டுமன்று. தென் கரோலினாவின் மக்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்கள் வாக்குரிமை பெற்றதும், 1868இல் புதிய அரசமைப்பை எழுதிய பேரவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மையாக அமர்ந்தனர். அப்பேரவையில் இடம்பெற்ற வில்லியம் விப்பர், ராபர்ட் எலியட் ஆகிய இருவருடன் ஆலன் கூட்டாகச் சட்ட அலுவலகம் நடத்தினார். அமெரிக்காவின் தொடக்ககாலக் கறுப்பினச் சட்ட நிறுவனங்களுள் அது ஒன்று. பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜோனதன் ரைட் என்ற கறுப்பின வழக்கறிஞர் 1870இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார். ஆலன் 1873இல் சார்ல்ஸ்டனின் கீழமை நீதிமன்ற நீதிபதியாகவும், அடுத்த ஆண்டு உயில், வாரிசுரிமை விவகாரங்களைக் கவனிக்கும் நீதிபதியாகவும் பொறுப்பேற்றார். ஒரு தலைமுறைக்கு முன் மனிதர்களையே சொத்தாக எழுதி வாரிசுகளுக்குப் பங்கிட்ட உயில்களைக் கண்ட மாவட்டம் அது. அங்கே சொத்துரிமையைத் தீர்மானிக்கும் இருக்கையில் ஒரு கறுப்பினத்தவர் அமர்ந்தார்.

மெய்னில் உரிமம் இருந்தது, ஆதரவளிக்கும் மக்கள்திரள் இல்லை. மாசாசூசெட்ஸில் மக்கள் இருந்தனர், அவர்களிடம் அதிகாரம் இல்லை. தென் கரோலினாவில் உரிமம், மக்கள், அரசியல் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன. அங்கேதான் ஆலனின் திறமைக்குரிய இடம் கிடைத்தது. தொழிலில் பிரதிநிதித்துவம் என்பது அரசியல் அதிகாரத்திலிருந்து பிரிக்க முடியாதது என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த அதிகாரம் பறிக்கப்பட்டபோது நேர்ந்ததும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1876ஆம் ஆண்டுத் தேர்தலைச் சுற்றி வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. 1877இல் கூட்டாட்சி அரசு தன் படைகளைத் திரும்பப் பெற்றது. வெள்ளை ஆதிக்கம் மீண்டது. நீதிபதி ரைட் அவ்வாண்டே பதவி விலக நேர்ந்தது. ஆலன் பின்னர் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்று, நிலம் தொடர்பான சங்கம் ஒன்றின் வழக்கறிஞராகப் பணியாற்றினார். இறுதிவரை தொழிலை விடாது தொடர்ந்து, 1894 அக்டோபரில் தமது 78ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டே தென் கரோலினா புதிய அரசமைப்பு ஒன்றை இயற்றி, கறுப்பின மக்களின் வாக்குரிமையை ஏறக்குறைய முற்றாகப் பறித்தது.

வாசல்களை மூடும் வித்தைகள் அவருக்குப் பின்னும் ஓயவில்லை. 1878இல் தோன்றிய அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், 1912இல் மூன்று கறுப்பினத்தவர் உறுப்பினராகிவிட்டதை அறிந்து, இனி விண்ணப்பிப்போர் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. கறுப்பின வழக்கறிஞர்கள் 1925இல் தேசிய வழக்கறிஞர் சங்கம் என்ற தங்கள் அமைப்பை நிறுவிக்கொண்டனர். தென் கரோலினாவில் சட்டப் பட்டம் பெற்றவர் தேர்வின்றியே வழக்கறிஞராகும் சலுகை இருந்தது. 1947இல் கறுப்பினத்தவருக்கெனத் தனிச் சட்டப் பள்ளி தொடங்கப்பட்டதும், சில ஆண்டுகளுக்குள் அந்தச் சலுகை ஒழிக்கப்பட்டு, தேர்வு கட்டாயமாயிற்று. தகுதி என்ற அளவுகோல், அளக்கப்படுவோர் யார் என்பதைப் பார்த்து நீண்டது.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இந்த வகையில் மேலானது. ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர் நாடெங்கும் வழக்காடலாம் என்கிறது அதன் 30ஆம் பிரிவு. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்த அப்பிரிவு 2011 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் வாசலை மறித்தது மாநில எல்லையைவிட அதிகமாகப் பதிவுக் கட்டணமே. சட்டம் நிர்ணயித்தது பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்களோ பல பெயர்களில் 15,000 முதல் 42,000 ரூபாய்வரை வசூலித்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, இத்தகைய கட்டணம் விளிம்புநிலைச் சமூகத்தினரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் ஏற்றுக்கொண்டது. பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பிய அண்ணல் அம்பேத்கரே 1923இல் பம்பாயில் சன்னத் பெற நண்பர் நவல் பதேனாவின் பண உதவியை நாட வேண்டியிருந்தது. தொழில் தொடங்கியபின், தீண்டாமையால் அவருக்கு வழக்குகள் தரத் தயங்கியோர் பலர். ஆலன் மெய்னில் கண்டதும் அதுவே.

சட்டக் கல்லூரிகளில் இன்று பயிலும் நம் மாணவர்கள் இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. உரிமத்தைப் பெறுவது நம் உரிமை. அதற்காக வாதாட வேண்டும், தேவையெனில் வழக்கும் தொடுக்க வேண்டும். ஆனால் பதிவுச் சான்றிதழோடு நம் பணி முடிவதில்லை. முதல் தலைமுறை வழக்கறிஞருக்கு அமர இடம் தரும் மூத்தோர், வருவாய் இல்லாத தொடக்க ஆண்டுகளைக் கடக்க உதவித்தொகை, நம்பி வழக்கைக் கொடுக்கும் மக்கள், நீதிபதி நியமனங்களில் பங்கு கோரும் அரசியல் வலிமை ஆகியவற்றையும் சேர்த்தே கட்டியெழுப்ப வேண்டும். ஆலன் மாநிலம் மாநிலமாகத் தேடி அலைந்தது இவற்றைத்தான். சில ஆண்டுகள் அவை அவருக்கு ஒருசேரக் கிடைத்தன. அதற்குள் அவர் இரண்டு நீதிபதி இருக்கைகளில் அமர்ந்துவிட்டார்.